வால்பேப்பர் வரும்வரை

"இந்த வீட்ல ஒரு மனுஷி நிம்மதியா நாலு வரி வாசிக்க முடியல, வாசிச்சா பெட்டி கம்ப்யூட்டரக் கவுத்துருது, கம்ப்யூட்டர் கவுந்தா காம்பவுண்டே ஊமையாயிருது, அது எந்திரிக்கிற வரைக்கும் நான் அழுதாக்கூட எனக்கே கேக்க மாட்டேங்கு, இதுல உங்களுக்கெல்லாம் கொண்டாட்டம் வேற" என்று என் மகள் ஷெரின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

"யாருக்குட்டி கொண்டாட்டம்? எனக்கா?" நானும் விடவில்லை. "குக்கர் விட்டது ரெண்டு விசிலா மூணு விசிலான்னு தெரியாம தினமும் பருப்பக் கரியாக்கிட்டு நிக்கேனே, எனக்காக்கும் கொண்டாட்டம்?"

"பின்ன நாலு மணிக்கு மேல விழுந்தா நல்லதுன்னு செக்ரட்டரி தாத்தாட்ட சொன்னது யாரு?"

"சொன்னது அவரு. நான் தலையாட்டுனேன். தலையாட்டுறதும் சொல்றதும் ஒண்ணா?"

அவள் கத்தியதில் பொய் கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலியாக்கி விற்கிறது, அந்தப் பாடங்களைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து வாசித்து அனுப்புவது ஷெரினின் வேலை, அதற்காக ஒரு மைக்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற ஒரு சிவப்புப் பெட்டியும் வாங்கியிருந்தாள்; குளியல் சோப்பு டப்பா அளவுதான் பெட்டி, பார்க்கச் சாது. ஆறாம் வகுப்பு அறிவியலில் தவளைப் பாடத்தை வாசிக்க ஆரம்பித்த அன்று, தவளை முட்டையிலிருந்து வெளியே வருவதற்குள் கம்ப்யூட்டரின் முகம் நீலமாகி, அதில் ஒரு சோக மூஞ்சி தோன்றி, எல்லாம் நின்றது. எல்லாம் என்றால் எல்லாச் சத்தமும். அடுப்பில் எண்ணெய் துள்ளிக்கொண்டே இருந்தது, சத்தமில்லை. கையிலிருந்த எவர்சில்வர் தட்டு நழுவித் தரையில் சுழன்று சுழன்று படுத்தது, சத்தமில்லை. 'இயேசுவே' என்று நான் சொன்னது என் தொண்டைக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. எங்கள் அடுக்குமாடியின் கேட்டிலிருந்து பின்னால் தண்ணீர்த்தொட்டிச் சுவர் வரைக்கும் அப்படித்தான், கேட்டுக்கு வெளியே ஆரன் அடித்துக்கொண்டே வந்த ஆட்டோ உள்ளே நுழைந்ததும் வாயைப் பொத்தின மாதிரி ஆனது, வெளியே போனதும் மறுபடி கத்தியது. பிறகு கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, யோசித்து, திரையில் வால்பேப்பர் வந்தது, ஷெரின் சின்ன வயசில் வெள்ளைக் கவுன் போட்டுக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற படம், அந்தப் படம் முழுசாக விரிந்த நொடியில் சத்தமும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் போகாதது மாதிரி.

கான்வென்ட்டில் படித்த எனக்கு மௌனம் புதிதல்ல, சாப்பாட்டு அறையில் பேசினால் கழுத்தில் அட்டை தொங்கவிடுவார்கள். ஆனால் அது வாயை மூடுகிற மௌனம், இது காதுக்கு வந்த மௌனம். நான் பயந்தேன். மற்றவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் பயப்படவில்லை. கரண்ட் போனால் எப்படியோ அப்படி எடுத்துக்கொண்டார்கள், "சத்தம் போயிட்டு" என்று கையால் காட்டுவார்கள், வந்ததும் "வந்துட்டு" என்பார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அதை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடியில் கல்யாணமாகி மூன்று மாதம் ஆன ஜோடி தங்கள் சண்டைகளை அதற்காகச் சேர்த்து வைத்தது, சத்தம் போனதும் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கைகால் ஆட்டித் திட்டித் தீர்த்து, சத்தம் வந்ததும் காப்பி குடித்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரி ஒருத்தி பால்கனியில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். சங்கச் செக்ரட்டரி சுடலையாண்டி அண்ணாச்சி, மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர், எதற்கும் நேரம் குறித்துக்கொடுத்தே பழகியவர், படியேறி வந்து, "தங்கச்சி, காலைல தண்ணி மோட்டார் ஓடயில விழ வேண்டாம், ஓடுதா நின்னுட்டான்னு தெரியல, தொட்டி நெறஞ்சு வழியுது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல விழுந்தா பிள்ளையளுக்குப் படிக்க வசதி" என்றார். விழுகிறதை என்னவோ நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற மாதிரி. தலையாட்டினேன். அதைத்தான் ஷெரின் பிடித்துக்கொண்டாள்.

இத்தனைக்கும், போன சத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

என் வீட்டுக்காரரின் தங்கை அமலோற்பவம் எங்களோடு இருக்கிறாள், அமலி. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் இல்லை. பாங்கில் கிளார்க், சம்பளம் அண்ணனைவிட அதிகம், அதைக் கட்டைவிரலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து அண்ணனுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். எழுதுவாள், வாசிப்பாள், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள், மற்றதற்கு எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பாஷை உண்டு. அதில் என் பெயர் இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி வாய்ப்பக்கம் வெட்டுவது. கல்யாணமாகி வந்த மாதமே வைத்துவிட்டாள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் விழுந்து கிடக்கையில் நான் அடுக்களையில் குக்கரையே முறைத்துக்கொண்டிருந்தேன், ஆவி சீறிக்கொண்டு போனது, சத்தமில்லை. அந்த நேரம் பார்த்து ஹாலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமலி கீரையை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். ஆவி நின்றது, மறுபடி கிளம்பியது, மறுபடி திரும்பினாள். நான் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன், எனக்குக் கேட்காத அந்தத் தட்டுக்கு அவள் தோள் தூக்கிப்போட்டது. முதல்நாளிலிருந்தே கேட்டிருக்கிறது, தலைக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றுகூட முடிவு செய்திருக்கிறாள்.

எல்லாருக்கும் போன சத்தம் இல்லாதவளிடம் வந்திருக்கிறது, இதில் என்ன ஆச்சரியம் என்று என் வீட்டுக்காரர் விக்டர் சொன்னார், சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். நான் கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் காம்பவுண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அமலி நன்றியில் கண்கலங்குகிற ரகம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காக்கா அவளுக்குப் பெரிய ஏமாற்றம், அது தலையைச் சாய்க்கிற அழகைப் பார்த்து இத்தனை வருஷமும் ஏதோ நயமாகப் பேசுகிறது என்று நம்பியிருக்கிறாள். குக்கர் மரியாதை தெரியாதது. அண்ணன் குரல் அவர் தொந்திக்குப் பொருத்தமில்லாமல் மெலிசு. என் குரல் எப்படி என்று கேட்டதற்கு, இரண்டு கையையும் வைத்துத் தேங்காய் துருவிக் காட்டினாள், நான் முறைத்ததும், தேங்காய் துருவுவது தனக்குப் பிடிக்கும் என்று போனில் எழுதிக் காட்டினாள். அவள் சிரிப்பை அவளே முதன்முதலாகக் கேட்டபோதுதான் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்; பிறகு யாரும் பார்க்காதபோது குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்திருக்கிறாள், தோள் குலுங்குவதைக் கதவிடுக்கில் நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் காம்பவுண்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. சத்தம் போனதும் ஆட்கள் வீட்டிலுள்ள நல்ல சத்தத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வர ஆரம்பித்தார்கள். இரண்டாம் மாடி ஸ்டீபன் மவுத் ஆர்கன் கொண்டுவந்தார், அவர் வாசித்தால் வீட்டுக்காரியே கதவைச் சாத்துவாள், இப்போது அவருக்கும் கேட்காது, எங்களுக்கும் கேட்காது, அமலி மட்டும் கேட்டுத் தலையாட்டினாள். நன்றாக இருந்ததா என்று பிறகு கேட்டேன், ஒன்றோடு ஒப்பிட இன்னொன்று கேட்டதில்லையே என்று போனில் எழுதினாள். ஒருத்தி கொலுசு, ஒருத்தி வளையல், அண்ணாச்சி தன் வீட்டுப் பழைய சுவர்க்கடிகாரத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்களுக்கே கேட்காத சத்தத்தை அத்தனை பேரும் அவள் முன்னால் செய்துவிட்டு, வால்பேப்பர் வந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு பேச வந்தார்கள். இந்த நேரத்தில் என்ன பேசினாலும் அமலியைத் தவிர ஒருவருக்கும் கேட்காது, அமலிக்கோ வார்த்தை என்பது உதட்டில் பார்க்கிறதும் தாளில் படிக்கிறதும்தானே தவிரக் காதால் அறிந்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டால் அவளுக்கு எல்லாப் பேச்சும் வெறும் சத்தம். அவளே அந்த மரியாதையைக் கொண்டுவந்தாள்: ஒருத்தர் வந்து எதிரே உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள், அவர் சொல்லி முடித்துக் கையைத் தொட்டால் திறப்பாள். என்னென்னவோ சொன்னார்கள் போலிருக்கிறது. மூன்றாம் மாடிப் பெண் சொல்லிவிட்டு எழுந்தபோது முகம் குளித்த மாதிரி இருந்தது. விஷயம் எட்டிப் பங்குச் சாமியாரே வந்துவிட்டார்.

"என்னம்மா ஜெசிந்தா, வீட்டுக்குள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டி வெச்சிருக்கியாமே?"

"தொட்டி நான் வைக்கல சாமி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் வெச்சது."

"இதுல பாவமன்னிப்பு கிடையாது, தெரியும்லா?"

"மன்னிப்பு யாரு கேட்டா? கேக்கதுக்கு ஒரு ஆளு, அவ்வளவுதான் கேக்காவ."

அவர் கண்டிக்க வாயைத் திறந்தார், பின்னறையில் தவளை பாதியில் நின்று திரை நீலமானது, கண்டிப்பு எனக்குக் கேட்கவில்லை. பிறகு அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அமலிக்கு எதிரே உட்கார்ந்தார், அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். வால்பேப்பர் வந்தபின் காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று ஒரு ஆசை இருந்தது. மழை. பாங்கின் சைக்கிள் கொட்டகைக்குத் தகரக்கூரை. மழை தொடங்கும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவார்களாம், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் சேர்த்து, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பாளாம். 'எல்லாரும் சேர்ந்து தூக்குவீங்க. நான் மட்டும் பிந்தி' என்று போனில் எழுதிக் காட்டினாள். 'ஒரு தடவையாவது உங்க முகத்தைப் பார்க்காம, காதால கேட்டே தூக்கணும்.' அவ்வளவுதான் கேட்டாள். கேட்டது ஆவணியில். எங்கள் ஊரில் ஐப்பசிக்கு முன்னால் மழையைக் கண்ணால் பார்ப்பதே பாடு, காதால் கேட்பதற்கு எங்கே போக? பொறு, ஐப்பசி வரட்டும் என்றார்கள் எல்லாரும். மழை வருகிற நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டரை விழவைப்பது ஒரு காரியமா, தவளையை வாசித்தால் விழுகிறது.

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை, ஷெரினின் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு பாடம்கூட முழுசாக வரவில்லை, இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஆறாம் வகுப்பு முழுவதும் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளை அழவில்லை, சாப்பிடவில்லை. காம்பவுண்டில் கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யலாமா வேண்டாமா என்று சங்கத்தில் கூட்டம்!

"சரி பண்ணுததுல ஆட்சேபம் இல்ல தங்கச்சி. மழை கழியட்டும்னுதான் சொல்லுதோம்" என்றார் அண்ணாச்சி.

"மழை கழியறதுக்குள்ள என் பிள்ள வேலை கழிஞ்சிரும் அண்ணாச்சி. உங்க பென்ஷன்ல இருந்து சம்பளம் குடுப்பீங்களா?"

அதற்கு அமலிதான் முடிவு கட்டினாள். அத்தனை உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து ஷெரினின் தலையில் கைவைத்து, பெட்டி இருக்கிற அறையைக் காட்டி, திருகாணி முடுக்குகிற மாதிரி விரலைத் திருப்பினாள். சரி பண்ணு. பிறகு என்னைப் பார்த்து, பத்து விரலையும் மேலிருந்து கீழே உதிர்த்து, புருவத்தைத் தூக்கினாள். மழை?

நான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன், அவளுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, "வெள்ளிக்கெழமை வரைக்குந்தான். பாடத்தை அனுப்பிட்டு நானே திரும்பக் கெடுத்துத் தாரேன். சரி பண்ணத் தெரிஞ்சவளுக்குக் கெடுக்கத் தெரியாதா?" அவள் கத்தரிக்கோல் விரலை வாய்ப்பக்கம் வெட்டிச் சிரித்தாள். நம்பிவிட்டாள்.

பெட்டி செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, கடைசியில் பிரசன்னா என்று ஒருவர் வந்தார், பொறுமைசாலி, பொறுமைசாலிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மேடம், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மாத்தி ஓட்டிப் பாருங்க. விழுந்தா அதைப் பழையபடி வெச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. அப்பதான் எதனால விழுதுன்னு தெரியும்" என்றார். "எனக்குச் சோறு வடிக்கணும் தம்பி, மொத்தமாச் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். போதாததற்கு இன்டர்நெட்டில் இதே பெட்டியால் அவதிப்பட்ட உலகத்தார் எல்லாரும் கூடிப் புலம்புகிற ஒரு பக்கம் இருந்தது; கான்வென்ட் இங்கிலீஷ் அதற்காவது உதவட்டுமென்று முழுக்க வாசித்தேன். பக்கம் பக்கமாகப் புலம்பிவிட்டு, முடிவில் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டு, எப்படிச் சரியானது என்பதை மட்டும் சொல்லாமல் போகிறவர்களை என்ன செய்தால் தகும்?

உலை கொதிப்பதற்குள் எல்லாவற்றையும் செய்தேன். பெட்டியின் பழைய வயரை முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிவிட்டு, புது வயரைப் பின்பக்கத் துளையில் சொருகினேன். பழைய டிரைவர் மென்பொருளை அழித்துப் புதுசை இறக்கினேன். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் அந்தச் சிவப்புப் பெட்டியை நடுநடுவே தூங்கவைக்கிற ஏற்பாட்டை நிறுத்தினேன். ஏதோ ஒரு எண்ணைக் குறைத்தேன், ஏதோ ஒரு டிக்கை எடுத்தேன், உள்ளேயிருந்த இன்னொரு ஒலிக்கருவியை முடக்கினேன். வேலை முடிந்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் எழுந்தால் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலிப்பா முட்டியில் தட்டுவார், அந்தப் பழக்கத்தில் பழைய வயரைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். ஷெரின் உட்கார்ந்து வாசித்தாள். தவளை முட்டையிலிருந்து வந்தது, கால் முளைத்தது, வால் சுருங்கி மறைந்தது, கரையேறியது. அறைக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்களுக்குக் கடைசி வரி வரை கேட்டது. வியாழக்கிழமையே ஆறாம் வகுப்பு முடிந்துவிட்டது, வேலை நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் கெடுக்க உட்கார்ந்தேன். வயரை முன்பக்கத் துளைக்கு மாற்றினேன், எண்ணை ஏற்றினேன், டிக்கைப் போட்டேன், முடக்கியதை எழுப்பினேன், பழைய டிரைவரைத் தேடிப்பிடித்து இறக்கினேன், பெட்டியைத் தூங்கவிட்டேன். ஷெரின் வாசித்தாள். தவளை கரையேறியது. எந்த எண்ணிலிருந்து குறைத்தேன், எந்த டிக், எது முதலில் எது பிறகு, ஒன்றும் நினைவில்லை, எது சரி செய்தது என்று தெரியாதவளுக்கு எதைக் கெடுப்பது என்று எப்படித் தெரியும்? பிரசன்னாவுக்குப் போன் போட்டு, "தம்பி, அது திரும்ப விழணும்" என்றேன். "விழுதா மேடம்?" என்றார். "விழல." "அப்ப பிரச்சினை தீர்ந்துட்டு மேடம்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை, இரண்டாம் சனி, பாங்க் லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. யாரும் கூப்பிடாமலே காம்பவுண்ட் முழுக்க எங்கள் ஹாலில் வந்து கூடிவிட்டது, மவுத் ஆர்கன் ஸ்டீபன், மூன்றாம் மாடி ஜோடி, தலைவலிக்காரி, எல்லாரும். அண்ணாச்சி மெதுவாக, "தங்கச்சி, விழுமா?" என்றார். நான் பின்னறையைக் கைகாட்டினேன். ஷெரின்தான் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள், எந்தப் பிள்ளை இது விழுகிறதென்று ஹெட்போனை எறிந்தாளோ அதே பிள்ளை, தொண்டை கிழிய வாசித்துக்கொண்டிருந்தாள், தவளை, தவளை, தவளை, சிவப்புப் பெட்டியில் பச்சை விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அமலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பார்த்துவிடக் கூடாது, கேட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று. கையிரண்டும் மடியில்.

கீழே எங்கள் காம்பவுண்டுச் சைக்கிள் கொட்டகைக்கும் தகரக்கூரைதான், அதில் முதல் துளிகள் விழுந்தன. தலையைத் தூக்கக் கூடாது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், மற்றவர்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்ற விதத்தில் தெரிந்தது. ஆனால் தகரத்தில் மழை கனத்து விழுந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்துவிட்டன, என்னுடையதும்.

அமலி எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

பின் எழுந்து, கத்தரிக்கோல் விரலால் என்னைக் கூப்பிட்டு, மொட்டைமாடியைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டாள். துணி! அத்தனை பேர் காதிலும் மழை விழுந்திருந்தது, கொடியில் கிடந்த துணி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. படியேறி ஓடினாள்.

ஆட்கள் போனபிறகு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் புலம்பல் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் அடுப்பைப் பற்றவைக்குமுன் திறந்து பார்க்கிறேன். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி ஆகிவிட்டது, இன்னும் இரண்டு மழை பெய்துவிட்டது, உலகம் முழுக்க இருந்து வந்து படித்துவிட்டுப் போகிறார்கள், ஒருவரும் பதில் எழுதவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: 'ஐயா, அம்மா, உங்களுக்கு இருந்த அதே பெட்டிதான் எங்களுக்கும். எங்களுடையது சரியாகிவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. அதைத் திரும்ப ஒரே ஒரு தடவை விழவைக்க என்ன செய்ய வேண்டும்? யாருக்காவது தெரிந்தால், மழைக்காலம் முடிவதற்குள் சொல்லுங்கள்.'